ஏ.எம்.எச் குறைவு என்றால் குழந்தை பிறக்காதா? ரிப்போர்ட்டோடு நிற்கும் திருப்பூர் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கு ஆஸ்பத்திரிக்கான நாள் ஞாயிற்றுக்கிழமைதான். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும். ஞாயிறு காலையில் துணி துவைத்து, சமையலை முடித்துவிட்டு, கல்யாணமாகி நாலைந்து வருடம் ஆகியும் குழந்தை இல்லாதவர்கள் ஸ்கேன் சென்டருக்கும் லேபுக்கும் கிளம்புவார்கள். அப்படி எடுத்த ரிப்போர்ட்டில் 'ஏ.எம்.எச் 0.6' என்று இருந்து, பக்கத்திலேயே 'குறைவு' என்று அச்சாகியிருந்தால் அன்றைய நாள் அதோடு போச்சு. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே செல்போனில் தேடிப் பார்த்துவிடுகிறார்கள். "முட்டை கம்மியா இருக்குதுங்களாம், இனி ஆகாதாமா" என்ற பேச்சு வீடு முழுக்கப் பரவிவிடுகிறது.

அந்த எண் சொல்வது ஒன்று. அதைப் பார்த்தவர்கள் புரிந்துகொள்வது வேறொன்று. இந்த இடைவெளியில்தான் பயமும் கடனும் தேவையில்லாத ஊசிகளும் உள்ளே வருகின்றன.

ஏ.எம்.எச் உண்மையில் எதை அளக்கிறது?

பெண் குழந்தை தாயின் வயிற்றில் 5 மாதக் கருவாக இருக்கும்போதே அதன் சினைப்பையில் 60 லட்சம் முதல் 70 லட்சம் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது 3 முதல் 4 லட்சம். அதன் பிறகு மாதாமாதம் ஒரு முட்டை முதிர்ந்து வெளியே வர, கூடவே பல முட்டைகள் தானாகவே அழிந்துபோகும். மாதவிடாய் நிற்கும் சமயத்தில் மிஞ்சுவது ஆயிரம் போலத்தான். புதிதாக ஒரு முட்டைகூட உருவாகாது. இருக்கும் கையிருப்பு குறையும், அவ்வளவுதான்.

இந்தக் கையிருப்பில் வளரத் தொடங்கியிருக்கும் சின்னச் சின்ன முட்டைப்பைகள் சுரக்கும் ஹார்மோன்தான் ஏ.எம்.எச். ரத்தத்தில் அது அதிகம் இருந்தால் கையிருப்பு அதிகம். குறைவாக இருந்தால் கையிருப்பு குறைவு. முட்டை நல்ல முட்டையா, அதிலிருந்து ஆரோக்கியமான கரு உருவாகுமா என்பதை ஏ.எம்.எச் சொல்லாது. அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பெண்ணின் வயது.

இதை ஒரு ஆய்வு தெளிவாகக் காட்டியது. 2017-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 'ஜாமா' இதழில் வந்தது. 30 முதல் 44 வயதுக்குட்பட்ட, இதற்கு முன் குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத 750 பெண்கள் கருத்தரிக்க முயற்சி செய்தபோது கண்காணிக்கப்பட்டார்கள். ஏ.எம்.எச் குறைவாக இருந்தவர்களும் சரியாக இருந்தவர்களும் இயற்கையாகக் கருத்தரித்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. காரணம் எளிது. மாதம் ஒரு முட்டை வெளியே வந்தால் போதும். கிடங்கில் ஆயிரம் இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் அந்த மாதத்துக்கு வருவது ஒன்றுதான்.

ஆனால் இதைப் படித்துவிட்டு, "அப்போ ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று ரிப்போர்ட்டைப் பீரோவில் போட்டுவிடவும் கூடாது. அந்த 750 பேரும் முயற்சியை அப்போதுதான் தொடங்கியவர்கள். நாலு வருடம் முயற்சி செய்தும் நிற்கவில்லை என்பவரின் நிலை வேறு. கையிருப்பு குறைவு என்றால் கையில் இருக்கும் காலமும் குறைவு. ஐ.வி.எஃப் வரை போக வேண்டி வந்தால் ஊசி போட்டாலும் கிடைக்கும் முட்டைகள் குறைவாக இருக்கும். ஏ.எம்.எச் முன்கூட்டிச் சொல்வது இந்த இரண்டையும்தான்.

இன்னொரு விஷயம். சில லேப்கள் நானோகிராம் கணக்கிலும் சில லேப்கள் பிகோமோல் கணக்கிலும் முடிவைத் தருகின்றன. 1 நானோகிராம் என்பது சுமார் 7 பிகோமோல். ஒரு லேபில் 0.9 வந்து, இன்னொன்றில் 6.4 வந்தால் முட்டை ஏழு மடங்கு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை, இரண்டும் ஒன்றுதான். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பாருங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அளவு கொஞ்சம் இறங்கித் தெரியும். மறுபடி பார்ப்பதாக இருந்தால் அதே லேபில் பார்ப்பது நல்லது. மாதவிடாயின் எந்த நாளிலும் எடுக்கலாம், வெறும் வயிறு தேவையில்லை.

"முட்டை வளரல" வேறு, "முட்டை கம்மி" வேறு

ஒரே லைனில் பக்கத்து பவர் டேபிளில் தைக்கும் அக்காவுக்கு மாத்திரையிலேயே குழந்தை நின்றிருக்கும். "நீயும் அந்த மாத்திரையைக் கேட்டு வாங்கு" என்பார். நல்ல மனசுதான். ஆனால் அந்த அக்காவுக்கு இருந்தது பெரும்பாலும் நீர்க்கட்டி பிரச்சினை, அதாவது பி.சி.ஓ.எஸ். அதில் முட்டைகள் ஏராளமாக இருக்கும், மாதாமாதம் ஒன்று முழுதாக வளர்ந்து வெளியே வராது. இவர்களுக்கு ஏ.எம்.எச் அதிகமாகவே இருக்கும். லெட்ரோசோல் போன்ற மாத்திரை, வளராத முட்டையை வளரவைக்கும். கையிருப்பே குறைந்தவருக்கு அந்த மாத்திரை கையிருப்பைக் கூட்டாது.

டாக்டர் 'முட்டை பிரச்சினை' என்று பொதுவாகச் சொன்னால், "வளரலீங்களா, கம்மியாங்களா" என்று கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் போகும் பாதை வேறு.

யாருக்குக் குறைகிறது, ஏன்?

வயதுதான் முதல் காரணம். அதிலும் இந்தியப் பெண்களுக்குக் கொஞ்சம் முன்னதாகவே குறைகிறது. மேலை நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51. இங்கே 46-47. ஸ்பெயின் பெண்களையும் இந்தியப் பெண்களையும் ஒப்பிட்டு 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியப் பெண்களின் சினைப்பை சுமார் 6 ஆண்டுகள் முன்னதாக மூப்படைவதாகக் கண்டது. 'வெளிநாட்டில் 38 வயதில் பெற்றுக்கொள்கிறார்களே' என்ற கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது.

வயதைத் தவிர, சினைப்பையில் சாக்லேட் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்தவர்கள், புற்றுநோய்க்குக் கீமோ, கதிர்வீச்சு எடுத்தவர்கள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ சீக்கிரமே மாதவிடாய் நின்ற குடும்பங்கள், தைராய்டு போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள், சில மரபணு மாற்றங்கள் உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். இனப்பெருக்க உறுப்புகளில் வரும் காசநோயும் நம் ஊரில் மறக்கக் கூடாத ஒன்று. பெரும்பாலும் கருக்குழாயையும் கர்ப்பப்பை உட்சவ்வையும் கெடுக்கும், சினைப்பையையும் விட்டுவைக்காது. அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பல பெண்களுக்குக் காரணம் என்று எதுவுமே கண்டுபிடிக்க முடியாது.

திருப்பூரில் கூடுதலாக இரண்டு சந்தேகங்கள் உண்டு. ஒன்று, சாயத் தண்ணீர். நொய்யலுக்கு நேர்ந்த கதியைப் பார்த்த ஊர் இது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நினைவிருக்கும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஒரு குறிப்பிட்ட பெண்ணின் ஏ.எம்.எச் குறைந்ததற்குச் சாயத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லி 'நச்சு நீக்கும்' பவுடர் விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து தைப்பதால் முட்டை அழிந்துவிடும் என்பதற்கும் ஆதாரமில்லை.

இரண்டாவது, வலி மாத்திரை. மாதவிடாய் நாளிலும் வேலை நிற்காமல் இருக்க, தமிழக ஆடைத் தொழிற்சாலைகளில் பெண்களுக்குப் பெயர் இல்லாத மாத்திரைகள் தரப்படுவதாக 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தி விசாரணை சுமார் 100 பெண்களிடம் பேசி வெளியிட்டது. இப்யூபுரூஃபன் வகை வலி மாத்திரைகளை அதிக அளவில் சாப்பிட்டால் அந்த மாதம் முட்டை வெடித்து வெளியே வருவது தடைபடலாம். நிறுத்தினால் சரியாகிவிடும், கையிருப்பை அது காலி செய்யாது. இருந்தாலும் குழந்தைக்கு முயற்சி செய்பவர்கள், என்ன மாத்திரை என்று தெரியாமல் வாங்கி விழுங்கவே கூடாது. அட்டையைக் கேட்டுப் பெயரைப் பாருங்கள்.

வேறு என்ன பார்க்க வேண்டும்?

ஏ.எம்.எச் ஒன்றை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. மாதவிடாயின் 2 அல்லது 3-ம் நாள் உள்வழி ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளிலும் தெரியும் சின்ன முட்டைப்பைகளை எண்ணுவார்கள். கூட்டினால் 5-க்கும் குறைவு, ஏ.எம்.எச் 1.2 நானோகிராமுக்கும் குறைவு என்றால் கையிருப்பு குறைந்த பிரிவில் சேர்ப்பது இப்போது வழக்கத்தில் உள்ள அளவுகோல்களில் ஒன்று. அதே நாளில் எஃப்.எஸ்.எச், எஸ்ட்ரடையால் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

கணவருக்கு விந்தணுப் பரிசோதனை செய்தாகிவிட்டதா? குழந்தையின்மையில் கிட்டத்தட்ட பாதி தம்பதிகளிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. திருப்பூரில் இதைக் கூடுதலாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் வெப்பம் விந்தணுவைக் குறைக்கும் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம். பாய்லர் பக்கத்திலும் அயர்னிங் டேபிளிலும் காலை முதல் இரவு வரை நிற்பது பெரும்பாலும் ஆண்கள்தான். சில நூறு ரூபாயில் முடிகிற பரிசோதனை இது. மனைவிக்கு ஏழெட்டு ஸ்கேன் முடிந்த பிறகும் கணவர் ஒரு முறைகூட லேபுக்குப் போகாத வீடுகள் இன்னும் இருக்கின்றன.

எவ்வளவு நாள் காத்திருக்கலாம்?

35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம் முயற்சி செய்த பிறகு டாக்டரைப் பார்க்கலாம். 35-ஐத் தாண்டினால் 6 மாதம். 40-ஐத் தொட்டுவிட்டால் காத்திருக்கவே வேண்டாம். கையிருப்பு குறைவு என்று தெரிந்துவிட்டால் எந்த வயதானாலும் இந்தக் கெடுவைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். "இந்த சீசன் ஆர்டர் முடியட்டும், தீபாவளி போகட்டும்" என்று தள்ளிப்போடுவதில் போவது அந்தப் பெண்ணின் வருடங்கள்.

சிகிச்சைகள் என்னென்ன?

வயது குறைவு, கருக்குழாய் திறந்திருக்கிறது, கணவரின் விந்தணு நன்றாக இருக்கிறது என்றால் மாத்திரையோடு ஐ.யு.ஐ சில முறை செய்து பார்க்கலாம். விந்தணுவைச் சுத்தம் செய்து நேரடியாகக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் எளிய முறை இது. செலவு குறைவு, வெற்றி வாய்ப்பும் குறைவு. மூன்று நான்கு முறைக்கு மேல் இதிலேயே சுற்றிக்கொண்டிருப்பது கையிருப்பு குறைந்தவர்களுக்கு நேர விரயம்.

அடுத்தது ஐ.வி.எஃப். இங்கே கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும்.

மாதவிடாயின் 2-ம் நாளிலிருந்து 10 முதல் 12 நாள் தினமும் ஹார்மோன் ஊசி. இடையில் நாலைந்து ஸ்கேன். முட்டைகள் வளர்ந்ததும் கடைசி ஊசி. அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் மயக்கம் கொடுத்து முட்டைகளை வெளியே எடுப்பார்கள். ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்து, 3 அல்லது 5 நாள் வளர்த்து, கருவைக் கர்ப்பப்பையில் வைப்பார்கள். சுமார் இரண்டு வாரத்தில் முடிவு தெரியும்.

கையிருப்பு நன்றாக உள்ள பெண்ணுக்கு ஒரு முறையில் பத்துப் பன்னிரண்டு முட்டை கிடைக்கலாம். குறைந்தவருக்கு ஒன்று முதல் நாலு வரைதான். நாலு கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அதில் மூன்று முதிர்ந்திருக்கும். மூன்றில் இரண்டு கருவாகும். இரண்டில் ஒன்று ஐந்தாம் நாள் வரை வளரும். அந்த ஒன்று ஒட்டுமா என்பது அடுத்த கேள்வி. சில முறை ஒரு முட்டையும் கிடைக்காமல் பாதியிலேயே நிறுத்த வேண்டி வரும். பணம் கட்டுவதற்கு முன்பே இந்தக் கணக்கை டாக்டர் பேப்பரில் எழுதிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

வயது புகுந்து விளையாடும் இடமும் இதுதான். 30 வயதுப் பெண்ணின் மூன்று முட்டையும் 42 வயதுப் பெண்ணின் மூன்று முட்டையும் ஒன்றல்ல. 40-ஐத் தாண்டும்போது உருவாகும் கருக்களில் பாதிக்கும் மேல் குரோமோசோம் எண்ணிக்கை பிசகியிருக்கும். அவை ஒட்டாது, அல்லது ஒட்டிக் கலையும். அதனால் 30 வயதில் ஏ.எம்.எச் 0.6 உள்ளவருக்கு, 42 வயதில் ஏ.எம்.எச் 2 உள்ளவரைவிட ஒவ்வொரு முட்டையின் வாய்ப்பும் அதிகம். 0.6 ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருக்கும் இளம் பெண்ணிடம் யாராவது முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

"ஊசியின் அளவைக் கூட்டினால் முட்டை கூடாதா?" என்று கேட்பார்கள். 2017-ல் வெளியான நெதர்லாந்தின் 'ஆப்டிமிஸ்ட்' ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. முட்டை குறைவாகக் கிடைக்கும் என்று கணிக்கப்பட்ட பெண்களுக்கு மருந்தின் அளவைக் கூட்டியும், குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடவில்லை. செலவுதான் கூடியது. அந்த மாதம் சினைப்பையில் தயாராக இருக்கும் முட்டைகளைத்தான் ஊசி வளர்க்கும், இல்லாததை வரவைக்காது. இதனால்தான் சில டாக்டர்கள் குறைந்த அளவு ஊசியோடு இரண்டு மூன்று மாதம் முட்டை எடுத்து, உருவாகும் கருக்களை உறைய வைத்துச் சேர்த்து, பிறகு வைக்கிறார்கள். ஒரே மாதத்தில் இரண்டு முறை முட்டை எடுக்கும் முறையும் உண்டு. கருவைச் சட்டப்படி 10 ஆண்டு வரை சேமிக்கலாம்.

கல்யாணமாகாத, குடும்பத்தில் சீக்கிரமே மாதவிடாய் நின்ற வரலாறு உள்ள பெண்கள், கீமோ தொடங்கப்போகும் பெண்கள் முட்டையையே உறைய வைத்துக்கொள்ளலாம். கீமோவுக்கு முன்னால் இரண்டு வாரம் கிடைக்குமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேட்பது மிக முக்கியம். கீமோ தொடங்கிய பிறகு கேட்டால் தாமதம்.

பி.ஆர்.பி, ஸ்டெம் செல், பவுடர்: எதை நம்பலாம்?

"உங்கள் ரத்தத்தையே எடுத்து சினைப்பையில் செலுத்தினால் முட்டை மறுபடி முளைக்கும்" என்ற விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். பி.ஆர்.பி எனப்படும் இது, குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டும் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. சோதனை அளவில் உள்ள ஒன்றுக்குப் பணம் வாங்கினால், அது சோதனை என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். ஸ்டெம் செல் விஷயம் இன்னும் கறாரானது. சில ரத்த நோய்களைத் தவிர மற்ற எதற்கும், பதிவு செய்யப்பட்ட ஆய்வுக்கு வெளியே, ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகத் தரக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. டி.எச்.இ.ஏ, கோஎன்சைம் மாத்திரைகளைப் பல டாக்டர்கள் எழுதுகிறார்கள். ஆதாரம் கலவையாகத்தான் இருக்கிறது. மூன்று மாதம் சாப்பிட்டுப் பார்ப்பது ஒரு விஷயம். அதை நம்பி ஒரு வருடத்தை விடுவது வேறு விஷயம்.

தானமாகப் பெறும் கருமுட்டை

சொந்த முட்டையில் ஆகாது என்ற நிலை வந்தால் தானமுட்டை. இந்தியாவில் இது புதிதல்ல. மும்பையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜா 1991-லேயே இம்முறையில் குழந்தை பிறக்கச் செய்தார். இதில் வெற்றி வாய்ப்பைத் தீர்மானிப்பது தானம் தருபவரின் வயது என்பதால், ஒரு முறை கரு வைப்பதில் வாய்ப்பு பாதியை நெருங்கும். கருவைச் சுமந்து பெறுவது நீங்கள்தான். சட்டப்படியும் குழந்தை உங்களுடையதே. தானம் தந்தவருக்கு எந்த உரிமையும் இல்லை.

இதற்கான சட்டம் 2021-ல் இயற்றப்பட்டு 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சை பெறும் பெண் 21 வயதுக்கு மேல், 50-க்குள் இருக்க வேண்டும். ஆணுக்கு 55. தனித்து வாழும் பெண்ணும் பெறலாம். தானம் தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம். 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருவரின் முட்டையை ஒரு தம்பதிக்கு மேல் தரக் கூடாது. அவருக்கு 12 மாதக் காப்பீடு எடுத்துத் தருவது சிகிச்சை பெறுபவர் பொறுப்பு. எல்லாமே பதிவு பெற்ற ஏ.ஆர்.டி வங்கி வழியாகத்தான் நடக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடுகள் எதற்கு என்று கேட்டால், பதில் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. 2022 ஜூனில் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருவரின் கருமுட்டைகள் பலமுறை விற்கப்பட்டது வெளியே வந்தது. வயதைக் கூட்டிக்காட்டப் போலி ஆதார் பயன்படுத்தப்பட்டிருந்தது. சிறுமியின் தாயும் இடைத்தரகரும் உட்படப் பலர் கைதானார்கள். சுகாதாரத் துறை விசாரணை நடத்தி, ஜூலையில் அப்போதைய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் தமிழகத்திலும் கேரளா, ஆந்திராவிலும் உள்ள மருத்துவமனைகள் மீதான நடவடிக்கைகளை அறிவித்தார்.

தானமுட்டைக்குக் காத்திருக்கும் தம்பதிக்கு இந்த வழக்கில் என்ன இருக்கிறது? தங்களுக்கு வரும் முட்டை யாரிடமிருந்து, எந்த வங்கி வழியாக வருகிறது என்ற ஆவணத்தைக் கேட்க வேண்டும் என்பதுதான். தானம் தருபவரின் பெயர் உங்களுக்குத் தேவையில்லை. வங்கியின் பதிவு எண் தேவை. அதேபோல, "ஒரு ஊசி, கையில் காசு" என்று வாடகை வீட்டு வாசலில் வந்து ஆள் பிடிப்பவர்களை நம்பிப் போகும் பெண்ணுக்கும் இது எச்சரிக்கை. கருமுட்டையை விற்பது, அதற்குத் தரகு நடத்துவது சட்டப்படி குற்றம். முதல் முறை 5 முதல் 10 லட்சம் ரூபாய் அபராதம், மறுபடி செய்தால் 3 முதல் 8 ஆண்டு சிறையும் கூட.

மருத்துவச் சிகிச்சை வேண்டாம் என்று தத்தெடுப்பதைத் தேர்ந்தெடுப்பவர்கள் மத்திய அரசின் 'காரா' அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85-க்கு மேல் போகக் கூடாது. வரிசை நீளம், ஆண்டுகள் ஆகும். சிகிச்சையில் பத்து வருடம் கழித்துவிட்டுப் பதிவு செய்யப் போனால் வயது வரம்பு இடிக்கும்.

40-க்கு முன்பே மாதவிடாய் நின்றால்?

40 வயதுக்குள் 4 மாதமாவது மாதவிடாய் வராமல் அல்லது ஒழுங்கில்லாமல் இருந்து, எஃப்.எஸ்.எச் 25-க்கு மேல் இருந்தால் அது முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பு. பெண்களில் சுமார் 3.5 சதவீதம் பேருக்கு இது வருவதாக ஐரோப்பிய மனித இனப்பெருக்க அமைப்பின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. இவர்களிலும் சுமார் 5 சதவீதம் பேர் தானாகக் கருத்தரிக்கிறார்கள், சினைப்பை அவ்வப்போது விழித்துக்கொள்வதால்.

இதில் பலர் கோட்டைவிடும் விஷயம் வேறு. குழந்தைக்கான முயற்சியை நிறுத்தியதும் டாக்டரிடம் போவதையும் நிறுத்திவிடுகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாத உடம்பில் எலும்பு சீக்கிரம் தேயும், இதய நோய் வாய்ப்பு கூடும். இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரைக்குமாவது ஹார்மோன் மாத்திரை எடுக்க வேண்டும் என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை. 34 வயதில் தூக்கமில்லாமல், உடம்பு திடீரென்று கொதித்து வியர்த்துக்கொண்டு வேலை பார்க்கும் பெண்ணை "டென்ஷன்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மாதவிடாயும் நின்றிருந்தால் எஃப்.எஸ்.எச் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

செலவும் ஷிப்டும்

தனியார் மையங்களில் ஒரு முறை ஐ.வி.எஃப் செய்ய மருந்தோடு சேர்த்துச் சுமார் ஒன்றரை லட்சம் முதல் இரண்டரை லட்சம் ரூபாய் வரை ஆகிறது. மாதம் 15,000 சம்பாதிப்பவருக்கு இரண்டு லட்சம் என்பது ஒரு வருடத்துக்கும் மேலான மொத்தச் சம்பளம். கையிருப்பு குறைந்தவர்களுக்கு ஒரு முறையில் முடியாமல் போகும் வாய்ப்பு அதிகம் என்பதால், "எத்தனை முறை வரை என்னால் முடியும், எங்கே நிறுத்துவேன்" என்பதைத் தொடங்கும் முன்பே கணவன் மனைவி பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. நகையை வைத்த பிறகு எடுக்கும் முடிவு வேறு மாதிரி இருக்கும். அரசுத் தரப்பில் சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் இருக்கிறது.

ஊசி நாட்களில் வேலையை விட வேண்டியதில்லை. தொப்புளுக்குப் பக்கத்தில் தோலுக்கடியில் போடும் ஊசிதான், பழகினால் நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஸ்கேன் நாட்களில் அரை ஷிப்ட் போகும். முட்டை எடுத்த பிறகு ஓரிரு நாள் ஓய்வு. கரு வைத்த பிறகு இரண்டு வாரம் படுத்தே கிடந்தால்தான் ஒட்டும் என்பது நம்பிக்கை மட்டுமே. படுத்திருப்பதால் வாய்ப்பு கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. கனமான பண்டல் தூக்குவதையும், இரவு எட்டரை வரை ஓடும் ஒன்றரை ஷிப்டையும் சில நாள் தவிர்த்தால் உடம்புக்கு நல்லது, அவ்வளவே.

ஐ.வி.எஃப் மூலம் கருத்தரித்தாலும் இ.எஸ்.ஐ பேறுகாலப் பலன் அப்படியே உண்டு. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் முழுச் சம்பளம். கரு கலைந்துபோனால் 6 வாரம். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் 70 நாளாவது உங்கள் பெயரில் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஜாப் ஒர்க் யூனிட்களில் வேலை செய்பவர்கள் தங்கள் பெயர் இ.எஸ்.ஐ-யில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவைப்பது உசிதம். வயிற்றில் பிள்ளை வந்த பிறகு தேடினால் நாள் கணக்கு இடிக்கும்.

'இலவச முகாம்' போகும் முன்

கல்யாண மண்டபத்தில் நடக்கும் கருத்தரிப்பு முகாமில் பரிசோதனை இலவசமாக இருக்கலாம். அன்றே கையெழுத்துப் போட்டால் பேக்கேஜில் தள்ளுபடி என்றால் போடாதீர்கள். அந்த மையத்துக்கு ஏ.ஆர்.டி பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். முதல் நிலைப் பதிவு என்றால் ஐ.யு.ஐ மட்டும்தான் செய்யலாம்; ஐ.வி.எஃப்-க்கு இரண்டாம் நிலைப் பதிவு வேண்டும். சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும்.

"எங்கள் வெற்றி 70 சதவீதம்" என்றால், எதில் 70 என்று கேளுங்கள். பரிசோதனையில் பாசிட்டிவ் வந்ததா, குழந்தை கைக்கு வந்ததா? எல்லா வயதினரும் சேர்த்தா, உங்கள் வயதில் உங்கள் ஏ.எம்.எச் உள்ளவர்களிலா? முட்டையே கிடைக்காமல் நிறுத்தினால் எவ்வளவு பணம் திரும்ப வரும், உறைய வைத்த கருவுக்கு வருட வாடகை எவ்வளவு என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு டாக்டரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பழைய ஸ்கேன், அறுவை சிகிச்சைச் சீட்டுகள், ஏ.எம்.எச் ரிப்போர்ட், கடைசி ஆறு மாதத்தின் மாதவிடாய்த் தேதிகள், அம்மாவுக்கு எந்த வயதில் மாதவிடாய் நின்றது என்ற தகவல் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கணவரின் விந்தணு ரிப்போர்ட் இல்லை என்றால், அதற்கான சீட்டையும் அன்றே எழுதி வாங்கிவிடலாம்.